வெட்டு இல்லாத நாளில் கூரை வேலை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கல்லூரி மாணவர்கள் சிலர் விடுமுறையில் ஒரு மூதாட்டியின் வீட்டுக்குப் புதுத் தகரம் போட்டுக் கொடுத்த செய்தியைச் சென்ற ஞாயிறு உங்கள் ஏட்டில் படித்தேன். படத்தில் ஒரு பெண் பிள்ளை கூரை மேல் உட்கார்ந்து ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். 1976 முதல் 1983 வரை, ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தில் நாங்களும் இதைத்தான் செய்தோம்.

நவம்பரில் எங்கள் பக்கம் நல்ல மழை. இரவு பெய்து ரப்பர் மரத்தின் பட்டை ஈரமாகிவிட்டால் விடியற்காலையில் பால் வெட்டு கிடையாது. பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, போனவர்கள் வெறும் வாளியோடு திரும்பி வருவார்கள். அன்றைக்குச் சம்பளமும் இல்லை. ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறித் தகரம் காய்ந்துவிடும். அந்த நாள்களில்தான் கோத்தோங் ரோயோங், எல்லாரும் கூடிச் செய்யும் கூலியில்லா வேலை. கூலி இல்லாத ஒரு நாளை அடுத்தவர் வீட்டுக்குக் கொடுப்பது எவ்வளவு பெரிது என்று எனக்கு அப்போது தெரியாது. நானே சம்பாதிக்கத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது.

தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்து வீடுகளைக் கவனிப்பது நிர்வாகத்தின் பொறுப்பு. தொழிலாளர் வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு 1966இலேயே சட்டம் உண்டு. 1990இல் அதற்குப் பதிலாக இன்னொன்று வந்தது. நாங்கள் ஏறிய கூரைகள் வேறு. வேலையை விட்டு நின்றவர்கள், கணவரை இழந்தவர்கள், தோட்டத்து எல்லையில் பலகையும் தகரமுமாக ஒரு குடிசை போட்டுக்கொண்டவர்கள். ஒழுகினால் இவர்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

வேலை முதல் மழையிலேயே தொடங்கிவிடும். சாக்கட்டியோடு பிள்ளைகள் எங்களை வீடு வீடாக அனுப்புவார்கள். சொட்டு விழும் இடத்தில் எல்லாம் சிமெண்டுத் தரையில் வட்டம் போட வேண்டும். ஒரு பாட்டி வீட்டில் பதினோரு வட்டம் போட்டேன். அவர் பாய் விரிக்க மூலையில் ஓர் இடம்தான் மிச்சம் இருந்தது. மறுநாள் வட்டத்துக்கு நேர் மேலே ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது தோட்டத்து வேலைக் கண்காணியான மண்டோர் மாமா சொன்னார்: "சொட்டுற இடத்துல ஓட்டை இருக்காதும்மா. தண்ணி சட்டத்தைப் புடிச்சி வழிஞ்சி வந்து இங்க விழுது. மேல்பக்கம் போய்ப் பாரு." அப்படியே இருந்தது, இரண்டு முழம் தள்ளி.

தகரத்தின் மேட்டில் ஆணி அடிக்க வேண்டும், பள்ளத்தில் அடிக்கக் கூடாது, தண்ணீர் ஓடுவது பள்ளத்தில்தான் என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததே. கீழ்த் தகரத்தை முதலில் போட்டு மேல் தகரத்தை அதன் மேல் ஏற்றுவார்கள். பிடுங்கிய ஆணிகளைச் சின்னப் பிள்ளைகள் வீட்டு முன் நடையான அஞ்சடியில் உட்கார்ந்து கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்துவார்கள். முதல் நாள் இரவே நீற்றிய சுண்ணாம்பில் நீலமும் கஞ்சியும் கலந்து சுவருக்கு அடிப்பது பெண் பிள்ளைகள் வேலை.

காசுக்கு ஒரு மைலோ டின். வீட்டுக்கு மாதம் 50 காசு. சின்னச் சின்னதாகச் சேர்ப்பது எங்கள் ஊருக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் ஊரின் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் 10 வெள்ளி (ரிங்கிட்) கட்டி 100 வெள்ளிப் பங்கு வாங்கலாம். என் தாத்தாவும் வாங்கினார். அந்தப் பத்திரத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தவர்தான் டின்னுக்கும் பொறுப்பாளர். ஒரு காசு குறைந்ததில்லை.

வீட்டுக்காரர் எங்களுக்கு மரவள்ளிக் கிழங்கும் நெத்திலிச் சம்பலும் பால் விடாத கோப்பி ஓவும் மட்டும்தான் தரலாம். கோழி அடிக்கக் கூடாது, அது கட்டாயம். ஒரு வருடம் ஒரு பாட்டி, தான் வளர்த்த ஒரே கோழியைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டார். மாமா கூரையிலிருந்து இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்துவிட்ட பிறகுதான் மறுபடி ஏறினார். முதல் ஆணிக்கு அந்த வீட்டுப் பெரியவர் குங்குமம் வைத்துக் கொடுப்பார். அதை மட்டும் புது ஆணியாக வாங்குவோம்.

1981இல், பதினைந்து வயதில், நான் கூரை ஏறினேன். அம்மா கீழே நின்று சத்தம் போட்டார். பக்கத்து வீட்டுப் பாட்டி, "ஏறட்டும் விடு. நான் ஏணி வச்சி ரப்பர் மரத்துல ஏறி மேல்வெட்டு வெட்டலையா?" என்றார். அதற்கு அம்மாவிடம் பதில் இல்லை.

இன்று அங்கே செம்பனை நிற்கிறது. லயங்கள் இல்லை. ஆனால் தாமான் எனும் குடியிருப்புகளிலும் கம்பம் எனும் கிராமங்களிலும் தனியாக இருக்கும் முதியவர்கள் இன்னும் சொட்டுக்குப் பாத்திரம் வைக்கிறார்கள். நேற்றுகூட ஒரு வீட்டில் பார்த்தேன். இளைஞர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பழைய வீடுகளில் அஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் உடைக்கவோ அறுக்கவோ வேண்டாம். நாங்கள் தெரியாமல் கையாலேயே உடைத்திருக்கிறோம். அந்தத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். அதற்குப் பயிற்சி பெற்றவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

பள்ளித் தவணை மறுபடி ஜனவரிக்கு வந்துவிட்டதால் நீண்ட விடுமுறையும் டிசம்பருக்குத் திரும்பியிருக்கிறது. எங்கள் தாமானைச் சுற்றி உடனே பார்க்க வேண்டிய மூன்று வீடுகளை நான் நேரில் போய்க் குறித்து வைத்திருக்கிறேன். ஏணி இரண்டு இருக்கிறது. கூரை ஏற என் முழங்கால் இனி ஒத்துழைக்காது. சாக்கட்டி வட்டம் போடச் சின்னப் பிள்ளைகளை அழைத்துப் போவதும், வேலை நடக்கும் நாளெல்லாம் கிழங்கு அவிப்பதும் என் பொறுப்பு.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
சுங்கை சிப்புட், பேராக்.