ஒரு டிரெஸ்ஸிங் தேதிக்கு நன்றி

இரவுப் பணியில் இருந்த செவிலியருக்கும் உங்களோடு நின்ற எல்லோருக்கும்,

ஆள்கடத்தலில் சிக்கி, விரல் காயத்தோடு, கூட ஒருவர் கண்காணிக்க உங்களிடம் வந்த நோயாளி பாதுகாப்பாக இருக்கிறார். நடந்தது உங்களுக்குத் தெரியும். ஊர், வேலை, வயது என்று எதை எழுதினாலும் அவரைத் தேடுகிறவர்களுக்கு அது துப்பாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறோம். காப்பகத்தில் வேலை பார்க்கும் நாங்கள் நன்றி சொல்லத்தான் எழுதுகிறோம். அதில் பெரும்பங்கு, காயத்துக்குக் கட்டு மாற்ற மறுபடி வரச் சொல்லி நீங்கள் சீட்டில் குறித்துக் கொடுத்த மறு டிரெஸ்ஸிங் தேதிக்கு.

காயம் ஆறாமல் நாள் கடந்து வந்தது, எல்லாக் கேள்விக்கும் கூட வந்தவரே பதில் சொன்னது, நோயாளியின் அடையாள அட்டை கூட வந்தவரின் பையிலிருந்து வந்தது: இவற்றைக் கவனிக்கப் பயிற்சி உண்டு. கவனித்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் பலருக்கும் கை நடுங்குகிறது. ‘நீங்கள் வெளியே இருங்கள்’ என்று கூட வந்தவரிடம் நேராகச் சொன்னால் அவர் உஷாராகிவிடுவார். நீங்கள் எக்ஸ்ரே அறையைப் பயன்படுத்திக்கொண்டீர்கள். அங்கே நோயாளி மட்டும்தான் போக முடியும், கைபேசியும் வெளியேதான். யாருக்கும் அது விதி. கைபேசி வெளியே போனது சின்ன விஷயமில்லை. அழைப்பைத் துண்டிக்காமல் வைத்துக்கொண்டு மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருப்பது நாங்கள் பார்த்துப் பழகிய தந்திரம்.

உள்ளே மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தீர்கள். நோயாளியின் பெயரை அவரிடம் சொல்லவில்லை. எதை ரகசியமாக வைக்க முடியும், எதை மேலே சொல்லியே ஆக வேண்டும் என்பதைக் கேள்விக்கு முன்பே சொன்னீர்கள். ‘கடத்தல்’ என்ற சொல்லே வரவில்லை. வேலையை விட்டுப் போக நினைத்தால் போக முடியுமா? அட்டை யாரிடம் இருக்கிறது? சம்பளத்தில் கடன் கழிக்கிறார்களா? தூங்கும் இடத்தை வெளியே பூட்டுகிறார்களா? இவ்வளவுதான் கேட்டீர்கள்.

பிரச்சினை எதுவும் இல்லை என்றார் அவர். நீங்களும் விட்டுவிட்டீர்கள்.

அந்த இடத்தில் இன்னும் இரண்டு முறை அழுத்திக் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எங்களுக்குத் தெரியும். கடன் பயம், வீட்டாருக்கு விடுத்த மிரட்டல், போலீஸ் தன்னையே பிடிக்கும் என்ற நம்பிக்கை எல்லாம் சேர்ந்து வாயைக் கட்டிப்போடும். சிலருக்குத் தாம் ஏமாற்றப்பட்டோம் என்பதே தெரியாது. பதற்றம் முகத்தில் தெரிந்தால் கூட வந்தவர் புரிந்துகொள்வார். அதன்பிறகு அந்த நோயாளி எந்த மருத்துவமனைப் படியும் ஏற மாட்டார்.

நீங்கள் வெளியே வந்து கூட வந்தவரிடம், ‘இந்தக் காயத்தில் சீழ் பிடித்தால் விரல் மடங்காமல் போகலாம், டிரெஸ்ஸிங்குக்குக் கட்டாயம் கூட்டி வாருங்கள்’ என்றீர்கள். அதில் பொய் இல்லை. விரலில் பிடித்த சீழ் தசைநாண் உறை வழியாக உள்ளங்கைவரை பரவும். ஆனால் அந்தக் கையின் உழைப்பில்தான் கூட வந்தவருக்கு வருமானம் என்பதையும் கணக்கில் வைத்துப் பேசினீர்கள். தேதியை உங்கள் டியூட்டி நாளாகவே பார்த்துக் குறித்தீர்கள். உதவி எண்ணைச் சீட்டில் எழுதவில்லை, சீட்டை யார் படிப்பார் என்று தெரியுமே. எக்ஸ்ரே அறையிலேயே வாயால் சொல்லி, அவரையும் திருப்பிச் சொல்ல வைத்திருந்தீர்கள். முதல் நாள் மறுத்தவர் மறு டிரெஸ்ஸிங்கில், அதே முகத்தைப் பார்த்ததும் பேசினார்.

உங்கள் கேஸ் ஷீட்டுக்குத் தனியாக ஒரு நன்றி. அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே மேற்கோள் குறிக்குள் எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு தழும்பும் உடல் வரைபடத்தில், சென்டிமீட்டர் அளவோடு இருந்தது. அனுமதி வாங்கி எடுத்த படங்களில் அளவுகோல் பக்கத்திலேயே இருந்தது. கன்றிய இடத்தின் நிறத்தை எழுதினீர்களே தவிர, ‘ஐந்து நாள் பழையது’ என்று நீங்களாக ஊகிக்கவில்லை. நிறத்தை வைத்து நாள் சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அப்படிப்பட்ட வரியைத்தான்.

இப்படிக் காத்திருப்பது எல்லோருக்கும் பொருந்தாது என்பதையும் இதைப் படிக்கும் மற்ற செவிலியர்களுக்குச் சொல்லிவிடுகிறோம். 2000இல் ஐ.நா. ஏற்ற ஆள்கடத்தல் நெறிமுறை, 18 வயதுக்குக் கீழே இருந்தால் மிரட்டலோ ஏமாற்றோ நடந்ததா என்று பார்ப்பதில்லை. சுரண்டுவதற்காகக் கூட்டி வந்திருந்தாலே அது கடத்தல். குழந்தை வாய் திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது, அன்றைக்கே தகவல் போக வேண்டும். பெரியவர்களிலும் உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் கதை வேறு. இன்னொன்று, காத்திருப்பது பேச்சுக்கு மட்டும்தான், சிகிச்சைக்கு இல்லை. பாலியல் வன்முறை என்று தெரிந்தால் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், அவசரக் கருத்தடைக்கு 120 மணி நேரம். இரண்டுமே எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. புகார் கொடுத்தால்தான் மருந்து என்று யாரும் சொல்லக் கூடாது. உடைகளைக் காகிதப் பையில், ஒன்றுக்கு ஒரு பையாகப் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும்.

கதவை அவசரமாகத் திறக்காத எக்ஸ்ரே டெக்னீஷியன், கேள்வி கேட்காமல் தேதியைப் பதிந்த டாக்டர், நள்ளிரவில் போனை எடுத்த மொழிபெயர்ப்பாளர், கூட வந்தவரைப் பதிவு மேசையில் பேச்சுக் கொடுத்து நிறுத்திய காவலாளி, சமூகப் பணியாளர், மருந்தக ஊழியர், எல்லோருக்கும் எங்கள் வணக்கம். பெயர் சொல்லாததற்கு மன்னியுங்கள், காரணம் உங்களுக்கே தெரியும்.

எங்கள் பக்கத்திலிருந்து இரண்டு வாக்கு. இரவில் நீங்கள் அழைத்தால் பதிவுக் குரல் வராது, ஆள் எடுப்பார். உங்கள் குறிப்பில் இருக்கும் எதையும் அந்த நோயாளியிடம் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்க மாட்டோம். வழக்கறிஞருக்கும் அதையே கொடுக்கிறோம்.

நன்றியுடன்,
காப்பகப் பணியாளர்கள்