ஊருணிக்கரைக் கூட்டத்துக்குச் சவுண்டு செட் பேசுவதற்கு முன்: சபைப் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

காரைக்குடி வட்டாரத்துச் சபைகளின் போதக ஐயாமார்களுக்கும், மூப்பர்களுக்கும், எழுப்புதல் கூட்டத்துக்காக ஓடியாடி வேலை செய்யும் தம்பிமார்களுக்கும்,

கர்த்தரின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள்.

ஊருணிக்கரைப் பொட்டலில் மூன்று நாள் கூட்டத்துக்கு இடம் பேசியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். ரொம்பச் சந்தோஷம். பந்தல், நாற்காலி, வெளியூர்ப் பிரசங்கியார், சாப்பாடு எல்லாம் முடிவாகிவிட்டது, சவுண்டு செட்காரரிடம் மட்டும் இன்னும் பேசவில்லை என்றார்கள். அவரிடம் பேசுவதற்கு முன்னால் இந்த மடலை ஒருமுறை படித்துவிடுங்கள். போன முறை மேடைக்கு இருபுறமும் ஆளுயரப் பெட்டிகள் வைத்ததோடு, சுற்றியுள்ள தெருக்களிலும் மின்கம்பத்துக்கு மின்கம்பம் கூம்பு ஒலிபெருக்கி கட்டியிருந்தது. இந்த முறை கூம்பு வேண்டாம். பெட்டிகள் பந்தலுக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து இருக்கட்டும். ஜெப வேளையில் கீபோர்டு ஓயட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். அக்கம்பக்கத்தாருக்குப் பயந்து இதைக் கேட்கவில்லை. நாம் மேடையில் திறந்து வைக்கிற வேதத்தை வைத்துத்தான் கேட்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

சத்தமே வேதத்துக்கு ஆகாது என்று நான் சொல்ல வரவில்லை. சீனாய் மலையில் இடி முழங்கி, எக்காள சத்தம் வரவரப் பலத்தபோது பாளயத்திலிருந்த ஜனமெல்லாம் நடுங்கினார்கள். 150-ஆம் சங்கீதம் ஓசையுள்ள கைத்தாளத்தோடு நிற்காமல் பேரோசையுள்ள கைத்தாளத்தையும் கேட்கிறது. பாபிலோனிலிருந்து திரும்பியவர்கள் ஆலயத்துக்கு அஸ்திபாரம் போட்ட அன்று, பழைய ஆலயத்தைப் பார்த்திருந்த முதியவர்கள் அழுத சத்தமும் மற்றவர்கள் ஆர்ப்பரித்த சத்தமும் கலந்து, எது அழுகை எது ஆனந்தம் என்று பிரித்தறிய முடியாமல் வெகுதூரம் கேட்டது என்கிறது எஸ்றாவின் புத்தகம். இதையெல்லாம் படித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு ஆராதியுங்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் அந்தச் சத்தம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. எண்ணாகமம் 10-ஆம் அதிகாரத்தில் மோசே இரண்டு வெள்ளி எக்காளங்களைச் செய்கிறார். ஒன்றை மட்டும் ஊதினால் தலைவர்கள் கூட வேண்டும். இரண்டையும் ஊதினால் சபை முழுவதும் கூட வேண்டும். பெருந்தொனியாய் ஊதினால் பாளயம் புறப்பட வேண்டும். எரிகோவைச் சுற்றிய ஆறு நாளும் ஆசாரியர்கள் எக்காளம் ஊதினார்கள், ஜனங்கள் வாயிலிருந்து ஒரு பேச்சும் புறப்படக் கூடாது என்பது யோசுவாவின் கட்டளை. அவர்கள் ஆர்ப்பரிக்க வேண்டிய நாள் ஏழாம் நாள்தான். பிரதான ஆசாரியனின் அங்கி ஓரத்தில் பொன்மணிகள் தொங்கின, அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போதும் வரும்போதும் சத்தம் கேட்கும்படி. ஆனால் வருஷத்தில் ஒருநாள், பாவநிவிர்த்தி நாளில், திரைக்கு உள்ளே மகா பரிசுத்த ஸ்தலத்துக்குப் போகும்போது அவர் உடுத்தியது வெறும் சணல்நூல் வஸ்திரம். அதில் மணி இல்லை. சாலொமோன் ஆலயம் கட்டியபோது கற்களை முன்னமே செதுக்கிக் கொண்டுவந்ததால் சுத்தியல், கோடரி என்று எந்த இரும்பு ஆயுதத்தின் சத்தமும் கட்டுகிற இடத்தில் கேட்கவில்லை. கல்லுளி ஓசையைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும்.

சத்தத்தைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது என்று என் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் கேட்டால், 1 சாமுவேலின் முதல் நாலு அதிகாரங்களை ஒரே மூச்சில் படிக்கச் சொல்வேன். உங்களையும் படிக்கச் சொல்கிறேன். முதல் அதிகாரத்தில் பிள்ளையில்லாத அன்னாள் சீலோவிலிருந்த ஆலயத்திலே மனங்கசந்து ஜெபிக்கிறாள். உதடு அசைகிறது, சத்தம் கேட்கவில்லை. வாசல் நிலையண்டை உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டுகிறார். சத்தம் வந்தால்தான் ஜெபம் என்று அந்தப் பெரியவருக்கு எண்ணம் போலிருக்கிறது. ஆசாரியனுக்குக் கேட்காதது கர்த்தருக்குக் கேட்டது; சாமுவேல் பிறந்தான். மூன்றாம் அதிகாரத்தில் அந்தப் பிள்ளை, விளக்கு இன்னும் அணையாத நேரத்தில், தன் பெயர் சொல்லி யாரோ கூப்பிடுவதைக் கேட்கிறான். எழுந்து ஏலியிடம் ஓடுகிறான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மலையை அதிர வைத்த தேவன் அன்றைக்கு, வீட்டிலிருக்கும் தாத்தா கூப்பிடுகிறார் என்று ஒரு சிறுவன் நினைக்கிற அளவுக்குத்தான் குரல் கொடுத்தார். அதைக் கேட்க அந்த ராத்திரி அமைதியாக இருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் நாலாம் அதிகாரம். பெலிஸ்தரிடம் தோற்ற இஸ்ரவேலர் உடன்படிக்கைப் பெட்டியைப் பாளயத்துக்கு எடுத்துவருகிறார்கள். பெட்டி வந்ததும் பூமி அதிரும்படி ஆர்ப்பரிக்கிறார்கள். எதிரிகளே அந்தச் சத்தத்தைக் கேட்டு நடுங்கிப்போனார்கள். நம்முடைய கூட்டத்தில் அப்படி ஒரு சத்தம் எழும்பினால் அதையே எழுப்புதல் என்று நோட்டீஸில் போடுவோம். நடந்தது என்ன? 30,000 காலாட்கள் விழுந்தார்கள், பெட்டி பிடிபட்டது, ஏலியின் இரண்டு மகன்களும் செத்தார்கள். அந்த அதிகாரத்தை எத்தனை முறை படித்தாலும், ஆர்ப்பரித்தவர்களில் ஒருவரும் கர்த்தரிடம் ஒரு வார்த்தை கேட்டதாகக் காணோம். ஊமை ஜெபத்துக்குப் பதில் கிடைத்தது, பூமி அதிர்ந்த சத்தத்துக்குக் கிடைக்கவில்லை. பாகாலின் தீர்க்கதரிசிகள் 450 பேரும் கர்மேல் மலையில் அப்படித்தான் காலையிலிருந்து கத்தினார்கள், பதில் வரவில்லை. அதற்குப் பிறகு கர்த்தரின் தீர்க்கதரிசி எலியா ஓரேபுக்குப் போனபோது காற்றிலும் பூமி அதிர்ச்சியிலும் அக்கினியிலும் இல்லாத கர்த்தர் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் பேசினார். ஓரேப் என்பதும் மோசே இடிமுழக்கம் கேட்ட அதே மலைதான்.

சரி, நம் ஊருக்கு வருவோம். செட்டிநாட்டு வீட்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. முன் தெருவில் முகப்பு, பின் தெருவில் கடைசிக் கட்டு, நடுவில் வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தூண் வரிசை, கீழே ஆத்தங்குடிக் கல், சுவரெல்லாம் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய வழுவழுப்பு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருப்பார்கள். பாதி அறைகள் பூட்டியிருக்கும். போன கூட்டத்தின்போது ஒரு ராத்திரி அப்படியொரு வீட்டில், தனியாக இருக்கும் ஆச்சிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போயிருந்தேன். தெருமுனைக் கூம்பின் சத்தம் முற்றத்தில் இறங்கித் தூணிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பியது. அது அடங்குவதற்குள் பின் தெருக் கூம்பின் சத்தம் சற்றுப் பிந்தி வந்து அதன் மேல் ஏறியது. ஒரு சொல் மூன்றாகக் கேட்டது. பிரசங்கியார் எந்த வசனத்தை எடுத்துப் பேசுகிறார் என்று வேதம் படிக்கிற எனக்கே பிடிபடவில்லை. ஆச்சி என்னிடம் சொன்னது இதுதான்: "யாரையோ கூப்பிட்டுக்கிட்டே இருக்காக ஆத்தா. என்னன்னுதான் வெளங்கல."

அதில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது ஞாபகம் வந்தது. எக்காளம் விளங்காத சத்தமிட்டால் எவன் யுத்தத்துக்கு ஆயத்தமாவான் என்று கேட்டுவிட்டு, விளங்காத பேச்சைப் பேசினால் ஆகாயத்தில் பேசுகிறவர்களாயிருப்பீர்கள் என்கிறார். நம் கூம்புகள் அந்த மூன்று ராத்திரியும் ஆகாயத்தில்தான் பேசின. வெளியே இருப்பவர்களுக்கும் சுவிசேஷம் போய்ச் சேரட்டும் என்பதுதானே கூம்பு கட்டுவதற்கு நாம் சொல்லும் காரணம்? ஆச்சி வீட்டுக்குச் சத்தம் போய்ச் சேர்ந்தது. சுவிசேஷம் போய்ச் சேரவில்லை.

யூதப் பெரியவர்கள் இதை எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் தெரியுமா? அவர்களுடைய புத்தாண்டில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுவார்கள். அப்போது சொல்லும் ஸ்தோத்திரம், கொம்பின் சத்தத்தைக் கேட்கும்படி கட்டளையிட்டவருக்கு நன்றி என்று இருக்கும். ஊதுவதைவிடக் கேட்பதுதான் கடமை. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற அவர்களுடைய சட்டத் தொகுப்பில் ஒரு கேள்வி வருகிறது. ஒருவன் குழிக்குள்ளோ தொட்டிக்குள்ளோ பெரிய சாடிக்குள்ளோ கொம்பை ஊதினால் கேட்டவனுக்குக் கடமை நிறைவேறுமா? கொம்பின் சத்தத்தையே கேட்டிருந்தால் நிறைவேறும், எதிரொலியைத்தான் கேட்டான் என்றால் நிறைவேறாது என்று பதில். அதையடுத்து இன்னொன்று. ஜெப ஆலயத்துக்குப் பின்னால் நடந்துபோகிறவனோ, பக்கத்திலே வீடு உள்ளவனோ, கொம்புச் சத்தத்தைக் கேட்டால்? மனதைச் செலுத்திக் கேட்டிருந்தால் கணக்கில் சேரும், காதில் விழுந்தது மட்டும் என்றால் சேராது. பக்கத்து வீட்டுக்காரரின் காதை நிரப்பியதால் எதுவும் நிறைவேறிவிடாது என்று அவர்கள் அன்றைக்கே எழுதி வைத்துவிட்டார்கள். ஆசாரமான யூதர்கள் இன்றைக்கும் அந்தக் கொம்பை ஒலிபெருக்கியில் ஊதுவதில்லை.

மற்றவர்கள் கட்டவில்லையா, கோயில் திருவிழாவுக்கும் கட்சிக் கூட்டத்துக்கும் காதுகுத்துக்கும் கட்டவில்லையா என்று சிலர் கேட்பீர்கள். கட்டுகிறார்கள். அவர்கள் நம் அளவுகோல் இல்லை. ஏசாயா முன்னறிவித்த தாசனைக் குறித்து, அவர் கூக்குரலிடவுமாட்டார், தம்முடைய சத்தத்தை வீதியிலே கேட்கப்பண்ணவுமாட்டார் என்று எழுதியிருக்கிறது. மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் அந்த வசனத்தை இயேசுவுக்கே பொருத்திச் சொல்கிறார். அவர் பெயரால் வீதிக்கு வீதி கூம்பு கட்டும்போது இந்த வசனத்தை நாம் எங்கே வைப்பது? ஆமோஸ் 5-ஆம் அதிகாரத்தில் கர்த்தரே, உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்கிறார், நியாயமும் நீதியும் தண்ணீராய்ப் புரண்டு வரட்டும் என்கிறார்.

சட்டத்தைப் பற்றி நீட்டிப் பேச விருப்பமில்லை. 2000-ஆம் ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில், பிறருடைய அமைதியைக் குலைத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அந்த வழக்கு சென்னையில் ஒரு கிறிஸ்தவ சபையின் சத்தத்தைப் பற்றியது என்பதுதான் எனக்கு வருத்தம். நம் புத்தகத்தில் இருப்பதை நமக்கு நீதிமன்றம் எடுத்துச் சொல்லும்படி ஆகியிருக்கிறது.

எரேமியா 25-இல், ஒரு நாடு பாழாகும்போது அங்கே நின்றுபோகிற சத்தங்களைக் கர்த்தர் எண்ணிச் சொல்கிறார்: மணவாளன் சத்தம், மணவாட்டி சத்தம், மாவரைக்கும் ஏந்திரத்தின் சத்தம். வீட்டுச் சத்தங்கள் அவர் கணக்கில் ஆசீர்வாதம். பிள்ளைகள் வாசலில் பாடம் ஒப்பிப்பது, விளக்கேற்றிய வீட்டில் மணியடிப்பது, திண்ணையில் நாலு பேர் பேசுவது, இதெல்லாம்தான் நம் தெருவின் சாயங்காலம். அதை மூடி மறைக்க நமக்கு எந்த வசனமும் கிடையாது.

இனி பந்தலுக்குள். இதுதான் எனக்கு முக்கியம். ஜெபத்துக்காக முன்னால் வருகிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று மேடைக்குக் கேட்பதில்லை. போன முறை ஒரு பெண் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். ஜெபித்துக்கொண்டிருந்த அக்கா குனிந்து காதை அவள் வாயருகே கொண்டுபோயும் கேட்கவில்லை. கீபோர்டு ஓடிக்கொண்டிருந்தது, மைக்கில் இன்னொருவர் அந்நிய பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். அக்கா தலையாட்டிவிட்டுப் பொதுவாக ஜெபித்து அனுப்பினார். எரிகோ வழியில் பர்திமேயு என்ற குருடன் இயேசுவைக் கூப்பிட்டபோது, பேசாதே என்று அதட்டியது கூட்டம். இயேசு நின்றார். அவனை அழைத்து, உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார், அவன் சொல்வது காதில் விழும்படி நின்று கேட்டார். எகிப்தில் தவித்த இஸ்ரவேலரின் பெருமூச்சைக் கேட்டவர், வனாந்தரத்தில் இஸ்மவேல் என்ற பிள்ளையின் சத்தத்தைக் கேட்டவர் என்று ஆதியிலிருந்தே அவரைக் கேட்கிற தேவனாகத்தான் வேதம் அறிமுகப்படுத்துகிறது. அவருடைய ஊழியக்காரர்களுக்கு ஜனங்கள் சொல்வது கேட்காமல் போகலாமா?

வெளிப்படுத்தின விசேஷம் 8-இல் ஏழாம் முத்திரையை உடைத்தபோது பரலோகத்தில் ஏறக்குறைய அரைமணி நேரம் அமைதல் உண்டாயிற்று. ஓயாமல் பாடுகிற பரலோகம் அது. அந்த அமைதலுக்குப் பிறகுதான் பரிசுத்தவான்களின் ஜெபங்கள் தூபப்புகையோடு தேவனுக்கு முன்பாக எழும்புகின்றன. கத்தோலிக்கச் சகோதரர்களும் பெரிய வியாழன் இரவிலிருந்து பாஸ்கா திருவிழிப்பு வரை ஆலய மணியை அடிப்பதில்லை, மரக்கட்டையைத் தட்டித்தான் கூப்பிடுகிறார்கள். அரைமணி நேரம் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ராத்திரியும் பிரசங்கம் முடிந்ததும் பத்து நிமிஷம் மைக்கையும் கீபோர்டையும் அணைத்துவிடுங்கள்.

சவுண்டு செட்காரரிடம் பேசும்போது இவற்றையும் சொல்லிவிடுங்கள். பெரிய பெட்டிகளுக்குப் பதிலாகச் சின்னப் பெட்டிகளைப் பந்தல் நெடுக, கீழே பார்த்த மாதிரி கட்டினால் கடைசி வரிசைக்கும் சொல் சுத்தமாகக் கேட்கும். முதல் நாள் மாலை சோதித்துப் பார்க்கும்போது தம்பிமார்களில் ஒருவர் மூன்றாம் தெருவில் போய் நிற்கட்டும். அவருக்குக் கேட்டால் குறைக்கட்டும். ஒன்பதரைக்கு முடித்துவிடுவோம், ஊருக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும் பஸ் கிடைக்கும். கூம்புக்கு ஆகும் வாடகையில் நோட்டீஸ் அடித்துத் தாருங்கள், நாங்கள் பெண்கள் ஐக்கியத்தார் வீடு வீடாகப் போகிறோம். ஆச்சி வீட்டுக்கு நான் போகிறேன். அந்த மூன்று ராத்திரியும் என்ன பேசினார்கள் என்று அவர் கேட்டால், உட்கார்ந்து சொல்லிவிட்டு வருகிறேன்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த மடலை வாசிக்க அனுமதி தாருங்கள். கேள்வி இருந்தால் அங்கேயே பதில் சொல்கிறேன்.

கர்த்தருக்குள் அன்புடன்,
உங்கள் ஞாயிறு பள்ளி ஆசிரியை ஒருத்தி