வேகத்தைக் குறைத்தது யார் என்று கணினியே சொல்லட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய மடிக்கணினிகளை எப்போது கைவிடலாம் என்பது பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளிவந்த குறிப்பைப் படித்தேன். ரேம் கூட்டுவதையும் எஸ்எஸ்டி பொருத்துவதையும் விளக்கிய அந்தக் குறிப்பு, காசு செலவில்லாமல் முதலில் பார்க்க வேண்டிய ஒன்றை, அதாவது கணினி எந்த பவர் மோடில் (வேகம் முக்கியமா, மின்சிக்கனம் முக்கியமா என்று சொல்லும் அமைப்பில்) ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைத் தொடவே இல்லை. காவேரிப்பட்டணத்தில் திருமண ஆல்பமும் வீடியோவும் தயாரித்துக் கொடுக்கும் சிறு கடைக்காரன் நான். இந்த ஒன்றைப் பாராமல் சென்ற ஆண்டு ஒரு முகூர்த்த மாதத்தையே தொலைத்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நாற்பது நிமிடத்தில் முடிந்துகொண்டிருந்த ரெண்டரிங் வேலை (தொகுத்த வீடியோவை முழுக் கோப்பாக்கும் வேலை), வைகாசி தொடங்கியதும் மூன்று மணி நேரம் இழுத்தது. பழுது பார்க்கக் கொடுத்த இடத்தில் ப்ராசஸர் பழையதாகிவிட்டது, புதிதாக வாங்கிவிடுங்கள் என்றார்கள். உண்மைக் காரணம் சார்ஜர். கூடவே வந்த சார்ஜர் கெட்டுப்போனதால், குறைந்த வாட் கொண்ட வேறொன்றை வாங்கி மாட்டியிருந்தேன். சார்ஜரின் திறனை அடையாளம் காண முடியாவிட்டாலோ, அது போதாது என்று தெரிந்தாலோ, பாதுகாப்புக்காக ப்ராசஸரின் வேகத்தை அடக்கிவைக்கும் ஏற்பாடு பல மடிக்கணினிகளில் உண்டு. அந்த ஏற்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஆனால், உள்ளே வேகம் அடக்கப்பட்டிருந்த அத்தனை நாளும் திரையில் ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்றே காட்டிக்கொண்டிருந்ததை எப்படி ஏற்பது? எச்சரிக்கை ஒன்று வரத்தான் செய்தது. கணினியைப் போட்டவுடன் ஆங்கிலத்தில் தோன்றிய அந்த வரியைக் கடைப் பையன் தினமும் எண்டர் தட்டிக் கடந்துகொண்டிருந்தான்.

இயங்குதளத்தில் இந்தக் கட்டுப்பாடுகள் அமைந்திருக்கும் விதமே சிக்கலின் வேர் என்பது என் கருத்து. விண்டோஸ் 11-இல் பவர் மோடு செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. பவர் பிளான் என்ற பழைய ஏற்பாடு கண்ட்ரோல் பேனலில் தனியாக இருக்கிறது. பிளானில் ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ தேர்ந்தெடுத்தால் மோடை மாற்றும் வாய்ப்பே அடைபட்டுவிடுகிறது. இவை போதாவென்று, கணினியைத் தயாரித்த நிறுவனம் தன் பங்குக்கு ஒரு செயலியைப் போட்டு அதிலும் ‘சைலண்ட்’, ‘டர்போ’ என்று பொத்தான்கள் வைக்கிறது. ஒரே மோட்டாருக்கு மூன்று இடங்களில் சுவிட்ச் வைத்து, எது எதை மீறும் என்று எழுதாமல் விட்டால் வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியனைத்தான் திட்டுவார். 2017-இல் விண்டோஸ் 10-க்கு வந்த புதுப்பிப்பில், பேட்டரிக் குறியைத் தொட்டதும் இழுத்து நகர்த்தக்கூடிய ஒரு பட்டை இருந்தது. கைக்கெட்டிய அதை விண்டோஸ் 11-இல் எடுத்துவிட்டார்கள். ஏன் என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

பெயர்களும் உதவுவதில்லை. ‘பெஸ்ட்’ என்று எழுதியிருந்தால் யார்தான் அதை விட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுப்பார்கள்? சிப் எடுத்துக்கொள்ளும் மின்திறன், அலைவெண்ணுக்கு (அது ஓடும் வேகத்துக்கு) ஏற்பவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் உயர்கிறது. அலைவெண்ணைக் கூட்டுவதற்கோ பெரும்பாலும் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருக்கிறது. இரண்டையும் 10 விழுக்காடு உயர்த்தினால், 1.1-ஐ மூன்று முறை பெருக்கும் கணக்கில், மின்செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். கிடைப்பதோ அதிகம் போனால் 10 விழுக்காடு வேகம். ரெண்டரிங் செய்யும் எனக்கு அதுவும் லாபம்தான். ஆனால், பக்கத்துக் கடையில் வருமானச் சான்றிதழுக்கு இணையத்தில் விண்ணப்பித்துக் கொடுப்பவரின் கணினி பெரும்பாலான நேரம் சர்வரின் பதிலுக்காகக் காத்திருப்பது. அங்கே அந்த மோடு மின்விசிறிச் சத்தத்தைத் தவிர வேறெதையும் கூட்டாது.

நம் ஓசூரில் தயாராகும் மின்சார ஸ்கூட்டரில் மோடை மாற்றினால், இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்ற எண்ணும் திரையில் மாறுகிறது. ஓட்டுபவர் பாலக்கோடு போய்த் திரும்ப முடியுமா என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கிறார். கணினியிலும் மோடுக்கு எதிரே ‘இப்படி ஓடினால் பேட்டரி இரண்டு மணி நேரம்’, ‘இப்படியென்றால் மூன்றரை மணி நேரம், விசிறிச் சத்தம் குறையும்’ என்று எழுதலாம். மதிப்பீடு சற்று முன்பின்னாக இருந்தாலும் பரவாயில்லை.

இது ஆகாத காரியமும் அன்று. விண்டோஸைப் போல இன்னொரு இயங்குதளமான லினக்ஸில் இயங்கும் க்னோம் திரைச்சூழலில் 2021 முதல் ‘பவர் சேவர்’, ‘பேலன்ஸ்டு’, ‘பெர்ஃபார்மன்ஸ்’ என மூன்றே மோடுகள் ஒரே இடத்தில் இருக்கின்றன. அவற்றை இயக்கும் அடித்தள நிரல், வேகம் தடைபட்டால் வெப்பம் மிகுந்ததாலா, மடியில் வைத்திருப்பதாலா என்று காரணத்தோடு தெரிவிக்கிறது. ஒரு மென்பொருள் தன் வேலை முடியும்வரை மட்டும் உயர்வேகத்தைக் கேட்டுப் பெற்று, முடிந்ததும் விட்டுவிடவும் அதில் வழி உண்டு. மோடை மாற்றிவிட்டு மறந்துபோகும் என் போன்றோருக்கு இந்த ஏற்பாடே உண்மையில் வேண்டியது.

நம் பகுதிக்கென்று இன்னொரு தேவையும் இருக்கிறது. கடைகளில் மேசைக் கணினிகள் யுபிஎஸ்ஸில் ஓடுகின்றன. யுபிஎஸ்ஸிலிருந்து தகவல் கேபிள் ஒன்றைக் கணினிக்கு இணைத்தால் மின்சாரம் போனதை அது அறிந்துகொள்ளும். சிறு கடைகளில் மின்கம்பி மட்டுமே போகிறது. மின்சாரம் நின்ற பிறகும் கணினி எப்போதும்போல முழு வேகத்தில் ஓடி, யுபிஎஸ்ஸைச் சில நிமிடங்களில் தீர்த்துவிடுகிறது. ஆகவே ‘மின்சாரம் போய்விட்டது’ என்று நாமே சொல்லக்கூடிய ஒற்றைப் பொத்தான் திரையின் ஓரத்தில் வேண்டும். அழுத்தியதும் ப்ராசஸர் வேகம், திரை வெளிச்சம், பின்னணிப் புதுப்பிப்புகள் எல்லாம் ஒருசேரக் குறைய வேண்டும். 2024-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு, பேட்டரி இல்லாத மேசைக் கணினிக்கும் ‘எனர்ஜி சேவர்’ வசதியைத் திறந்துவிட்டிருப்பது இந்தத் திசையில் ஒரு தொடக்கம்.

தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு மடிக்கணினிகளை மொத்தமாக வாங்கி வழங்கியிருக்கிறது. தனி ஆளாக நான் எழுதும் மின்னஞ்சலுக்குக் கணினி நிறுவனங்கள் பதில் தரப்போவதில்லை. லட்சக்கணக்கில் வாங்குபவரின் ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். அடுத்த முறை அந்த நிபந்தனைகளில், வேகக் கட்டுப்பாடு ஒரே இடத்தில் இருக்க வேண்டும், அது தமிழில் இருக்க வேண்டும், வேகம் அடக்கப்படும்போது காரணத்தைத் திரையில் காட்ட வேண்டும் என்ற மூன்றையும் சேர்க்குமாறு தகவல் தொழில்நுட்பத் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆல்பம் வடிவமைப்பாளர் ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.