ஃபாஸ்ட் டூல் சர்வோ வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சுழலும் பணிப்பொருளில் நுண்லென்ஸ் வரிசை கடைவதற்காகத்தான், வெட்டுமுனையை வேகமாக முன்னும் பின்னும் அசைக்கும் உங்கள் கருவிகளை வாங்குகிறோம். விவரத்தாளில் அதிர்வெண் என்று ஒற்றை எண்ணை அச்சிடுகிறீர்கள். வெட்டுமுனையைப் பிடிக்கும் டூல் ஹோல்டரை மாட்டி அளந்ததா, மாட்டாமலா? முழு ஸ்ட்ரோக்கிலா (முனை நகரும் முழுத் தூரத்திலா), சில நானோமீட்டர் அசைவிலா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். விறைப்பு மைக்ரோமீட்டருக்கு 50 நியூட்டன், நகரும் நிறை 100 கிராம் என்றால் இயல்பதிர்வெண் சுமார் 3,560 ஹெர்ட்ஸ். அதில் 60 கிராம் ஹோல்டரை மாட்டியதுமே 2,800-க்கு இறங்கிவிடும்.

அதையும்விட எங்களை வாட்டுவது ஃபேஸ் பின்னடைவு, அதாவது முனை கட்டளைக்குப் பிந்தி நகர்வது. முனை மொத்தம் 10 மைக்ரோமீட்டர் போய் வருகிறது, 5 டிகிரி பிந்துகிறது என்று வையுங்கள், பிழை 0.44 மைக்ரோமீட்டர் வரை போகும். ஒளியியல் பரப்பு அத்தோடு பாழ். தாமதம் எல்லா அதிர்வெண்ணிலும் ஒரே நேர அளவாக இருந்தால் கட்டளையை அந்த அளவு முன்கூட்டியே அனுப்பிச் சமாளிக்கலாம். ஆனால் பணிப்பொருளைச் சுழற்றும் ஸ்பிண்டிலின் வேகம் மாறாதபோது, சம இடைவெளி லென்ஸ்களில் விளிம்புக்குப் போகப்போக அதிர்வெண் ஏறுகிறது. தாமதமும் கூடவே மாறினால் நடுவில் சரியாக விழும் லென்ஸ் விளிம்பில் இடம் தள்ளி விழுகிறது.

ஆம்ப்ளிஃபையர் விஷயத்திலும் இதே கதைதான். மின்னழுத்தம் கொடுத்தால் நீண்டு முனையைத் தள்ளுவது பீசோ பீங்கான் அடுக்கு. 6 மைக்ரோஃபாரட் பீசோ அடுக்கை 1,000 ஹெர்ட்ஸில் 100 வோல்ட் அளவுக்கு ஏற்றி இறக்க உச்ச மின்னோட்டம் 1.9 ஆம்பியர் வேண்டும். அது கிடைக்காவிட்டால் சைன் அலை முக்கோணமாகிவிடும். கிடைத்தாலும் இழப்பு வெப்பத்தில் அடுக்கின் நீளம் மாறி, வெட்டு ஆழம் மெல்ல நகரும்.

முனையைத் தாங்கி வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஷர் தகடுகளின் விறைப்பு பீசோவினுடையதில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். அந்த எல்லையிலேயே ஸ்ட்ரோக்கில் 9 சதவீதம் போய்விடுகிறது. பீசோவை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் ப்ரீலோடைக் குறைக்காதீர்கள், பீசோ பீங்கான் இழுவிசையைத் தாங்காது. வயர் ஈடிஎம்மில் (கம்பியிலிருந்து பாயும் மின்பொறியால்) வெட்டிய தகடுகளில் உருகி உறைந்த படலத்தை நீக்காமல் அனுப்புவது பெரிய தவறு. விரிசல் அங்கேதான் தொடங்குகிறது.

நகர்வை அளக்கும் சென்சார் டூல் முனையின் அச்சுக் கோட்டிலேயே இருக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் விலகினால் 5 மைக்ரோரேடியன் சாய்வுக்கே 50 நானோமீட்டர் பிழை வரும். அது சென்சாருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே எங்கள் கோரிக்கை இது: ஹோல்டரின் நிறையைக் குறிப்பிட்டு, அதை மாட்டிய நிலையில், முழு ஸ்ட்ரோக்கில், லேசர் வைப்ரோமீட்டரால் (லேசர் ஒளியால் அதிர்வை அளக்கும் கருவியால்) டூல் முனையிலேயே அளந்த வீச்சு, ஃபேஸ் வரைபடங்களை விவரத்தாளில் வெளியிடுங்கள். ஒரு மணி நேரம் ஓடிச் சூடேறிய பிறகு எடுத்த இன்னொரு தொகுப்பையும் சேர்த்துத் தாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கருவிகளை இயக்குவோர்