டேப்லெட்டைக் காரிலிருந்து மட்டும் எடுத்துவிடு

ஸ்ரீரங்கம்
8.2.2026

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மருமகளை நான் கேட்டதாகச் சொல்லு.

போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருக்கும்போதே வைத்துவிட்டாய். பின்னால் என் பேரன் குட்டி அழுகிற சத்தம் கேட்டது. டேப்லெட்டைப் பிடுங்கியிருக்கிறாய் என்று புரிந்துகொண்டேன். ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது: "நீ எங்களை எப்படித்தாம்மா வளர்த்தே?" அதற்கு வாட்ஸாப்பில் ஒரு விரலால் தட்டி பதில் சொன்னால் எனக்கு மாசி பிறந்துவிடும். அதனால்தான் பேப்பரில் எழுதி, போட்டோ எடுத்து அனுப்புகிறேன். கையெழுத்து புரியாத இடத்தில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்.

எப்படி வளர்த்தேன்? டி.வி.யை வைத்துத்தான் வளர்த்தேன். நீ மறந்திருப்பாய், எனக்கு மறக்கவில்லை. சாயங்காலம் நாலரைக்கு ஆட்டோக்காரர் உன்னை வாசலில் இறக்கிவிட்டுப் போவார். எதிர்வீட்டு அக்காவிடம் சாவி வாங்கித் திறந்துகொள்வாய். நான் ஆபீஸ் முடிந்து வர ஆறரை ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் உன்னைப் பார்த்துக்கொண்டது கேபிள் டி.வி.தான். மாதம் நூறு ரூபாயில் அதைவிட மலிவான ஆயா திருச்சி முழுக்கத் தேடினாலும் கிடைத்திருக்க மாட்டாள்.

வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் டி.வி. முதுகில் கையை வைத்துப் பார்ப்பேன். சூடாக இருந்தால் மாட்டினாய். அதைக் கண்டுபிடித்துவிட்டு நீ என்ன செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? ஆறேகாலுக்கு அணைத்துவிட்டு, துண்டை நனைத்துப் பிழிந்து டி.வி. மேல் போட ஆரம்பித்தாய். ஒரு நாள் சரியாகப் பிழியவில்லை. பின்பக்க ஓட்டைகள் வழியே தண்ணீர் இறங்கி, அப்பா ஏழு மணிச் செய்திக்கு சுவிட்சைப் போட்டதும் புகை வந்தது. ரிப்பேருக்கு என் பாதிச் சம்பளம் போனது. அதைவிட, பத்து வயதுப் பையனுக்கு டி.வி.யின் சூடு ஆற வழி கண்டுபிடிக்கும் அளவுக்குத் தனிமையான நேரம் இருந்திருக்கிறதே என்பதுதான் என்னை உறுத்தியது. உன்னிடம் சொல்லவில்லை. முதுகில் ஒன்று வைத்தேன்.

பத்தாம் வகுப்பு வந்ததும் ஊரில் எல்லோரும் செய்கிற மாதிரி கேபிளை கட் பண்ணினோம். உன் படிப்புக்காக என்று சொன்னோம். நான் மட்டும் ராத்திரி ஒன்பது மணிக்கு உறை மோர் வாங்குகிற சாக்கில் எதிர்வீட்டுக்குப் போய் சீரியல் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வருஷம் முழுக்கத் தினமும் நம் வீட்டில் மட்டும் உறை மோர் தீர்ந்துபோனது உனக்கு ஒரு நாளும் சந்தேகமாகப் படவில்லை, நல்ல பிள்ளை.

குட்டி விஷயத்திலும் நான் யோக்கியம் இல்லை. 2020லும் 2021லும் கொரோனாவுக்காக உங்கள் மெல்போர்னை மூடி மூடித் திறந்தார்களே, மொத்தம் 262 நாள், அப்போது அவனுக்கு நாலைந்து வயது. நீயும் மருமகளும் ஆளுக்கொரு அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்திருக்க, அவனுக்குச் சோறு ஊட்டியது யார்? நான்தான், இங்கிருந்து. சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டைச் சாய்த்து வைப்பாய். நான் காக்கா கதை சொன்னால்தான் வாயைத் திறப்பான், கதை நின்றால் வாய் மூடிவிடும். இன்றைக்கு டேப்லெட் இல்லாமல் சாப்பிட மாட்டேன் என்கிறான் என்றால், அந்தப் பழக்கத்தை ஆரம்பித்து வைத்த கார்ட்டூன் நான்தான். ஆகவே உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சரி, கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன்.

மணிக்கணக்கு பார்த்து அவனோடு மல்லுக்கட்டாதே. மருமகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிற தாளைப் படித்தேன். ஐந்திலிருந்து பதினேழு வயது வரை பொழுதுபோக்குக்கு ஒரு நாளைக்கு 2 மணி நேரத்துக்கு மேல் ஸ்கிரீன் வேண்டாம் என்று உங்கள் ஊர் அரசாங்கம் சொல்கிறது. நல்ல விஷயம்தான். ஸ்கூலிலும் முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை போன் கிடையாது என்றாய். போன டிசம்பர் 10லிருந்து 16 வயதுக்குக் கீழே இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் கணக்கே கூடாதென்று சட்டமும் வந்துவிட்டது. நாலாம் வகுப்புப் பையனுக்கு அதனால் என்ன? அவன் கட்டை அடுக்குகிற மைன்கிராஃப்ட் அந்தச் சட்டத்தில் வரவில்லை. இரண்டு மணி நேரத்தை அவன் இரண்டே கால் ஆக்குவான், நீ கடிகாரத்தைக் காட்டுவாய், வீடு கோர்ட் மாதிரி ஆகிவிடும். அதெல்லாம் உன்னாலும் மருமகளாலும் முடிந்தபடி பார்த்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது ஒன்றே ஒன்று. காரில் மட்டும் அது வேண்டாம்.

ஏன் என்று கேட்பாய். காவிரிப் பாலத்தை நினைத்துப் பார்.

96ல் ஸ்கூட்டி வாங்கினோம். காலையில் உன்னை ஸ்கூலில் விட்டுவிட்டு ஆபீஸ் போவேன். முதலில் முன்னால் நின்றுகொண்டு வந்தாய். உயரம் மறைக்க ஆரம்பித்ததும் பின் சீட்டுக்கு மாறினாய். அம்மா மண்டபம் ரோடு, மாம்பழச்சாலை, பாலம், அண்ணா சிலை, சத்திரம். வீட்டை விட்டுக் கிளம்பியதும் பேச ஆரம்பிக்க மாட்டாய். மாம்பழச்சாலை வரை ஒரே தூக்கக் கலக்கம். பாலம் ஏறினதும்தான் வாய் திறக்கும். ஜூனில் ஸ்கூல் திறக்கிற சமயம் மேட்டூரும் திறந்திருந்தால், தண்ணீர் வந்துவிட்டதா என்று தினமும் எட்டிப் பார்ப்பாய். வண்டி ஆடும், நான் கத்துவேன்.

ஆறாவது படிக்கும்போது ஒரு நாள். ஆடிக் காற்று, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தேன். பாலத்தில் பாதி தூரம் போயிருப்போம், முதுகுக்குப் பின்னால் நீ என்னமோ முனகினாய்.

"என்னடா?"

மறுபடி முனகல். காற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

"சத்தமா சொல்லு!"

"ரேங்க் கார்டுல அப்பா கையெழுத்த நானே போட்டுட்டேம்மா! கணக்குல முப்பத்திரெண்டு!"

நம்மை ஒட்டி சைக்கிளில் போன பால்காரர் திரும்பிப் பார்த்துச் சிரித்தாரே, அந்த முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே வண்டியை நிறுத்தியிருப்பேன். ஆனால் பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது, பாலத்தில் எங்கே நிறுத்துவது? அண்ணா சிலை வந்து, சத்திரம் நெரிசலைத் தாண்டி ஸ்கூல் வாசலுக்குப் போய்ச் சேருவதற்குள் பாதிக் கோபம் வடிந்துவிட்டது. உள்ளே வந்து டீச்சரிடம் பேசினேன். அன்றைக்குச் சாயங்காலம் கணக்கு ட்யூஷனுக்கு ஆள் பார்த்தேன்.

வீட்டில் என் முகத்துக்கு நேரே நின்று நீ அதைச் சொல்லியிருப்பாயா? நிச்சயம் மாட்டாய். என் முதுகிடம்தான் சொன்னாய். எந்தப் பிள்ளைக்கும் அப்பா அம்மாவின் முதுகு கொஞ்சம் சுலபமான ஆள்.

2022ல் அங்கே வந்து மூன்று மாதம் இருந்தேனே, குளிர்காலம். தினமும் காலையில் எட்டு முப்பத்தைந்துக்குக் கிளம்புவோம். ஸ்கூல் பக்கம் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது என்று போர்டு, மஞ்சள் கோட்டு போட்ட அம்மாள் கையில் வட்டத் தட்டியைப் பிடித்துக்கொண்டு கார்களை நிறுத்துகிற அழகு. எல்லாம் ஒழுங்கு. நம் ஊரில் ஒரே ஆட்டோவில் ஒன்பது பிள்ளைகளும் வெளியே தொங்கும் பைகளுமாகப் போனதை நினைத்துக்கொள்வேன். ஆனால் வீட்டிலிருந்து ஸ்கூல் ஏழு நிமிஷம். அந்த ஏழு நிமிஷத்துக்கும் குட்டி கையில் டேப்லெட். பெல்ட் போட்டதும் தானாகக் கை நீட்டும், நீயும் தானாக எடுத்துக் கொடுப்பாய்.

ஒரு நாள் அதில் சார்ஜ் இல்லை. இரண்டு நிமிஷம் சிணுங்கினான். அப்புறம் ஜன்னலைப் பார்த்தான். அப்புறம் கேட்டான்:

"பாட்டி, நீ ஊருக்குப் போனா திரும்பவும் சின்னதா ஆயிடுவியா?"

எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பிறந்ததிலிருந்து பெரும்பாலும் உள்ளங்கை அளவு பாட்டியைத்தான் அவன் பார்த்திருக்கிறான். அந்த மூன்று மாதம்தான் நான் முழு அளவில் இருந்தேன். பதில் சொல்ல வாய் வரவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ காதில் அந்த இயர்போன் மெஷினை மாட்டிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தாய், அவன் கேட்டது உனக்குக் கேட்கவே இல்லை. வீட்டுக்கு வந்ததும் சொல்லலாம் என்று நினைத்தேன், நீ நேராக லேப்டாப்புக்குப் போய்விட்டாய். இத்தனை வருஷம் கழித்து இப்போதுதான் சொல்கிறேன்.

அதனால் அவன் டேப்லெட்டோடு உன் காது மெஷினும் சேர்த்து வீட்டிலேயே இருக்கட்டும். போகும்போது ஏழு, வரும்போது ஏழு. பத்து நாள் ஒன்றும் பேச மாட்டான், சிணுங்குவான், சீட்டை உதைப்பான். நீயாக "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன?" என்று ஆரம்பித்துவிடாதே. அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையும் "ஒண்ணுமில்ல" தவிர வேறு பதில் சொன்னதில்லை. சும்மா ஓட்டு.

மைன்கிராஃப்ட்டை நான் திட்டவில்லை. போன பொங்கலன்று வீடியோவில் அவன் நம் ராஜகோபுரத்தைக் கட்டிக் காட்டினான், அசந்துபோனேன். எண்ணிப் பார்த்தால் பதினோரு நிலைதான் இருந்தது. பதின்மூன்று நிலைடா, 236 அடி என்றேன். நம்ப மாட்டேன் என்றான். மொட்டைக் கோபுரமாக நூற்றாண்டுக் கணக்கில் நின்றதை முடித்து 87ல் கும்பாபிஷேகம் நடந்தபோது, அந்தக் கூட்டத்தில் உன் அப்பன் என் இடுப்பில் அழுதுகொண்டிருந்தான் என்று சொன்னேன். அதற்குள் எனக்கு இங்கே சிக்னல் போய்விட்டது.

இந்த வீட்டில் போனைப் பிடுங்க வேண்டிய ஆள் ஒருத்தர் இருக்கிறார். எழுபத்திரண்டு வயதில் காலை ஐந்தரைக்கே ரீல்ஸ். சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் காது கேட்கவில்லை என்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன். மிச்ச இரண்டு நிலையும் ஏற்றியாச்சா என்று கேட்பேன், குட்டியிடம் சொல்லி வை.

அன்புடன்,
அம்மா