டெஸ்ட் ஸ்கிரிப்டைப் பரணில் போடாதீர்கள்

அரசு, வங்கி இணையச் சேவைகளைப் பராமரிக்கும் குழுக்களுக்கு,

வணக்கம். டெஸ்டிங் வேலை பார்ப்பவன் என்ற முறையில் ஒரு கோரிக்கை. பிரவுசரை ஆள் போலவே தானாக இயக்கித் தளத்தைச் சோதிக்கும் செலீனியம், பிளேரைட் போன்ற கருவிகளில் மெனக்கெட்டு எழுதிய ஸ்கிரிப்டுகளை, தளம் லைவுக்குப் போனதும் பரணில் தூக்கிப் போட்டுவிடுகிறீர்கள். அவற்றில் முக்கியமான நான்கைந்தை, மக்கள் பயன்படுத்தும் தளத்திலேயே ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓட விடுங்கள்.

"அதான் மானிட்டரிங் இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் உங்கள் திரையில் பச்சையாகத்தான் இருக்கும். இங்கே ஒருவர் வராத ஓடிபிக்காகக் காத்துக்கொண்டிருப்பார். 'ஏதோ தவறு நடந்துவிட்டது' என்ற பக்கத்தைக்கூட 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு அனுப்பும் தளங்கள் உண்டு. குறியீட்டை மட்டும் பார்க்கும் கருவிக்கு எல்லாம் சரி. ஸ்கிரிப்ட் அப்படி விடாது. லாகின் செய்து, படிவத்தை நிரப்பி, சமர்ப்பித்து, விண்ணப்ப எண் வந்ததா என்று பார்க்கும். வரவில்லையென்றால் ஃபெயில்தான்.

அதை உங்கள் டேட்டா சென்டருக்குள்ளேயே வைத்து ஓட்டாதீர்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியது. பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளையில் அவர்களின் உள் நெட்வொர்க் துண்டாகி, தளத்தின் பெயரை வைத்து அதன் ஐபி முகவரியைத் தேடித்தரும் டிஎன்எஸ்ஸும் போனது. கோளாறைத் தேட வைத்திருந்த கருவிகள் பலவும் கூடவே படுத்துவிட்டன.

டெஸ்ட் கணக்குக்கு மட்டும் 123456 என்று நிலையான ஓடிபி வைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது பாதுகாப்பில் ஓட்டை. எஸ்எம்எஸ் நின்றுபோனாலும் தெரியாது. தனியாக ஒரு சிம் வாங்கி, செய்தி உண்மையிலேயே வந்து சேர்கிறதா என்று பாருங்கள். டெஸ்ட் விண்ணப்பங்களுக்கு ஓர் அடையாளம் போட்டு, மாதாந்திரக் கணக்கில் சேராமல் விலக்கிவிடுங்கள்.

அப்புறம், ஒருமுறை தவறியதற்கெல்லாம் நள்ளிரவில் போன் அடிக்க வேண்டாம். கொஞ்ச நாளில் யாராவது அலாரத்தையே மியூட் செய்துவிடுவார்கள். அடுத்தடுத்து இரண்டு முறை தவறினால் எழுப்பினால் போதும். தளத்தில் ஒரு பட்டனின் பெயரை மாற்றும்போது ஸ்கிரிப்டையும் அன்றே திருத்துங்கள்; இல்லாவிட்டால் தளம் நன்றாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் பழைய பட்டனைத் தேடி ஃபெயில் ஆகும்.

முடிவுகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி ஒரு பக்கத்தில் போடுங்கள். இல்லாவிட்டால் தளம் படுத்திருக்கும்போதும் உதவி மையத்தில் "உங்க நெட்டைச் செக் பண்ணுங்க சார்" என்றுதான் சொல்வார்கள்; நாங்களும் மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
ஒரு டெஸ்டர்