பனைக்குடும்ப நாற்றுகளுக்குப் பெயரிட்ட திருப்பணி: நிறைவு அறிக்கை

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்குப் பணிக்குழுவின் வணக்கம்.

நாற்றங்காலில் பெயரின்றிக் கலந்து கிடந்த பனைக்குடும்ப நாற்றுகளை இனம் பிரித்துப் பெயர்ச்சீட்டு கட்டும் பணி நிறைவுற்றது. பழைய சீட்டுகளின் மை தண்ணீரில் கரைந்ததே குழப்பத்துக்குக் காரணம். அழியாத மையைக் குழு முன்பே வாங்கியிருக்க வேண்டும். எல்லாப் பைகளுக்கும் சிற்றினப் பெயர் கிடைத்துவிடவில்லை. சான்று எதுவரை செல்கிறதோ அதுவரை மட்டுமே பெயர் எழுதுவது என்று தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம்.

ஏறத்தாழ 2,600 சிற்றினங்கள் கொண்ட இக்குடும்பத்தில் பூவும் காயும் தண்டும் இல்லாத பருவத்தில் கைக்குக் கிடைப்பவை இலையும் வேரும் ஒட்டியிருக்கும் விதையும் மட்டுமே. இவற்றுள் முதலிலை பெரிதும் ஏமாற்றக்கூடியது. விசிறி ஓலை விடும் பனை, வாஷிங்டோனியா, லிவிஸ்டோனா, சபால் ஆகியவையும், இறகுபோல் பிரிந்த ஓலை விடும் ஈச்சை, எண்ணெய்ப்பனை ஆகியவையும் பிளவில்லாத ஒற்றை நீள இலையோடுதான் வெளிவருகின்றன. களையெடுத்தவர்கள் புல்லென்று எண்ணிச் சிலவற்றைப் பிடுங்கிவிட்டதில் அவர்கள்மேல் குற்றமில்லை. விறைப்பும் நெடுக்காக ஓடும் மடிப்புகளும் கொண்ட அந்த இலையை விரலால் தடவிப் பார்த்தால் புல்லிலிருந்து பிரித்தறியலாம்.

முதலிலையே இரண்டாகப் பிளந்திருந்த நாற்றுகளை எல்லாம் முதல் வாரத்தில் பாக்கு என்று எழுதிவிட்டோம். அது எங்கள் தவறு. பாக்கின் முதலிலை அப்படித்தான் இருக்கும் என்றாலும், அழகுக்காக வளர்க்கப்பட்டு ‘அரேகா பாம்’ என்றே விற்கப்படும் மஞ்சள்காம்புப் பனையின் முதலிலையும் இருபிளவுதான்; பெயர் ஒன்றாக ஒலித்தாலும் அது பாக்கின் பேரினத்தைச் சேர்ந்ததன்று. மண்ணை நீக்கிப் பார்த்தபோது, சிலவற்றின் அடியில் நார் மட்டையோடு கூடிய பெரிய பாக்குக்காயும், மற்றவற்றின் அடியில் மிகச் சிறிய விதையும் இருந்தன. பிந்தியவற்றில் சில பின்னர் அடியிலிருந்து பக்கக் கன்று விடத் தொடங்கியதும் ஐயம் தீர்ந்தது. இருபிளவு இலையின் நுனி கடித்துத் துப்பியதுபோல் ஒழுங்கற்றிருந்தால் அது கூந்தல்பனை. அதில் மட்டும் எங்களுக்குத் தயக்கம் ஏற்படவில்லை.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வொரு பையிலும் மண்ணுக்குள்ளும் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். தென்னை, பாக்கு போன்றவற்றில் குருத்து விதையை ஒட்டியே எழுகிறது. பனையிலும் ஈச்சையிலும் வாஷிங்டோனியாவிலும் விதையிலிருந்து ஒரு காம்பு முதலில் கீழே இறங்குகிறது. அதன் நுனிப்பக்கத்தில்தான், விதைக்குச் சற்றுத் தொலைவில், நாற்று உருவாகிறது. இதை அறியாமல் நாற்றைப் பிடித்துத் தூக்கினால் காம்பு அறுந்து விதை மண்ணிலேயே தங்கிவிடும். உணவும் போய்விடும், அடையாளமும் போய்விடும். ஆகவே பையைப் பக்கவாட்டில் கிழித்து, மெல்லிய தூரிகையால் மண்ணைத் தள்ளியே பார்த்தோம். ஒரு பக்கத்தில் நீளமான பள்ளக்கோடு உள்ள விதை ஈச்சைப் பேரினத்துக்குரியது. கெட்டியான ஓட்டில் மூன்று கண்கள் தெரிந்தால் தென்னையும் எண்ணெய்ப்பனையும் அடங்கிய கூட்டத்தைச் சேர்ந்தது.

விதை உதிர்ந்துவிட்ட நாற்றுகளில், பிரியத் தொடங்கிய ஓலையின் மடிப்பு உதவியது. சிற்றிலையைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தால், ஈச்சையில் அது மழைநீரைத் தாங்கும் வாய்க்கால்போல் மேல்நோக்கித் திறந்திருக்கும். தென்னையிலும் பாக்கிலும் கூரையின் முகடுபோல் கவிழ்ந்திருக்கும். ஆயினும் ஈச்சைப் பேரினத்துக்குள் எது பேரீச்சை, எது காட்டு ஈச்சை என்று இந்த வயதில் பிரிக்க இயலவில்லை. அவை தம்முள் எளிதில் கலப்புறுபவை. தாய்மரம் தெரியாத விதையிலிருந்து வந்த நாற்றுக்கு உறுதியாகப் பெயர் சூட்டுவது பொய்யாகிவிடும் என்பதால், அப்பைகளில் ‘ஈச்சைப் பேரினம்’ என்று மட்டுமே எழுதியுள்ளோம். வாஷிங்டோனியாவின் இரு சிற்றினங்களையும் இதே காரணத்தால் பிரிக்கவில்லை. விசிறி ஓலையினவற்றுள் மட்டையில் முள் தோன்றாத சபாலை மற்றவற்றிலிருந்து ஒதுக்குவதற்கு மட்டை நன்கு வளரும்வரை காத்திருக்க நேர்ந்தது. பணி நீண்டதற்கு அதுவே முதன்மைக் காரணம்.

பனைக்குடும்பத்தையே சேராத சிலவும் பைகளுக்குள் இருந்தன. நிலப்பனை பெயராலும் மடிப்பிலையாலும் ஏமாற்றியது. தரையை ஒட்டி மஞ்சள் பூ விட்டபோதுதான் அதைக் கண்டுகொண்டோம். பனைபோல் தோற்றமளிக்கும் சைக்கஸ் செடியின் இளஞ்சிற்றிலைகள் சுருண்டு விரிவதால் அது விரைவில் பிடிபட்டது. இரண்டையும் தனி வரிசைக்கு மாற்றிவிட்டோம்.

விதையும் இல்லாமல் ஓலையும் பிரியாமல் நிற்கும் பைகளில் எழுதாத சீட்டு கட்டப்பட்டுள்ளது. அவற்றில் ஊகமாக எதையும் எழுத வேண்டாம் என்று உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம். ஓலை பிரிந்ததும் குழு மீண்டும் பார்க்கும். பனை எனக் குறித்த பைகளை மட்டும் முதலில் நிலத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். அவற்றின் வேர்முனை பலவற்றில் பையின் அடியைத் தொட்டு வளையத் தொடங்கிவிட்டது.

பணிக்குழு